எரியாத அடுப்புக்கு முப்பதாண்டு வாடகை

2024 அக்டோபர் 10 அன்று பாகிஸ்தான் பிரதமர் ஷெபாஸ் ஷெரீப் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஐந்து தனியார் மின்நிலையங்களோடு அரசு செய்துகொண்ட மின்கொள்முதல் ஒப்பந்தங்கள் காலம் முடிவதற்கு முன்பே முடித்துக்கொள்ளப்படுகின்றன, இதனால் நுகர்வோருக்கு 41,100 கோடி பாகிஸ்தான் ரூபாய் மிச்சமாகும் என்பது அதன் சாரம். பாகிஸ்தான் என்றதும் போர்முரசு கொட்டும் இந்தியத் தொலைக்காட்சி விவாதங்களில் இத்தகைய செய்திக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் தெற்காசியாவில் மின்கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு தொழிலாளியும் விவசாயியும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

அந்த ஐந்தில் மிகப் பெரியதும் மூத்ததும் ஹப் அனல்மின் நிலையம். கராச்சிக்கு மேற்கே, பலூசிஸ்தான் மாகாணத்தின் கடற்கரையில், ஹப் ஆறு கடலில் கலக்கும் பகுதியில் அது நிற்கிறது. நான்கு அலகுகள், மொத்தம் 1,292 மெகாவாட். எரிபொருள் ஃபர்னஸ் ஆயில், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் மண்ணெண்ணெயும் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் கெட்டியான கசடு எண்ணெய். கராச்சிப் பக்கத்திலிருந்து தனிக் குழாய் வழியே அது நிலையத்துக்கு வந்து சேரும். 1997 மார்ச் இறுதியில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய இந்நிலையத்தின் ஒப்பந்தம் 2027 மார்ச் வரை செல்லத்தக்கதாக இருந்தது. இரண்டரை ஆண்டு மீதமிருக்கையில் அரசு அதிலிருந்து வெளியேறியது.

கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. நிறுத்தப்பட்டபோது அந்நிலையம் ஓடிக்கொண்டிருக்கவில்லை. கடைசிச் சில ஆண்டுகளாகவே அதன் கொதிகலன்கள் பெரும்பாலான நாட்கள் குளிர்ந்தே கிடந்தன. ஓடாத நிலையத்தை நிறுத்தியதால் எப்படிப் பணம் மிச்சமாகும்? ஓடாமல் இருந்ததற்காகவும் அரசு பணம் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதே விடை.

ஒப்பந்தம் பிறந்த கதை

1980களின் பிற்பகுதியில் பாகிஸ்தானில் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்தது. இதை மறுப்பதற்கில்லை. நீர் மற்றும் மின்சார வளர்ச்சி ஆணையமான ‘வாப்டா’ என்ற அரசுத்துறை நிறுவனம் தர்பேலா, மங்களா போன்ற பெரும் அணைகளைக் கட்டி மலிவான நீர்மின்சாரம் தந்துகொண்டிருந்தது. தேவை வளர்ந்தது, அடுத்த கட்ட முதலீட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. அரசு மின்நிலையங்களுக்குக் கடன் கொடுத்துவந்த உலக வங்கி அப்போதுதான் தன் சுருதியை மாற்றிக்கொண்டது. இனி மின்னுற்பத்தி தனியாருக்கு உரியது, அரசு வாங்குபவராக மட்டும் இருந்தால் போதும் என்பது புதிய உபதேசம். அதற்கு ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது. ஹப் அந்த முன்மாதிரி ஆயிற்று.

சவூதி அரேபியாவின் ஸெனல் குழுமமும் பிரிட்டனின் நேஷனல் பவர் நிறுவனமும் திட்டத்தின் முதன்மை முதலீட்டாளர்கள். நேஷனல் பவர் என்பதே தாட்சர் ஆட்சியில் பிரிட்டனின் பொதுத்துறை மின்வாரியத்தைக் கூறுபோட்டபோது பிறந்த நிறுவனம்தான். பல ஆண்டுப் பேரத்துக்குப் பிறகு 1995 ஜனவரியில் நிதி ஏற்பாடு முடிந்தது. மொத்தச் செலவு 160 கோடி டாலருக்கு மேல். பாகிஸ்தான் அரசு தன் வாக்கைக் காப்பாற்றத் தவறினால் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிகளுக்குத் தானே ஈடுகட்டுவதாக உலக வங்கி உத்தரவாதம் அளித்தது. ஈடுகட்டிய தொகையைப் பிறகு பாகிஸ்தான் அரசிடமே அது வசூலித்துக்கொள்ளலாம். ஆக, வெளிநாட்டு வங்கியின் அபாயத்தையும் இறுதியில் சுமந்தவர் பாகிஸ்தானின் வரிசெலுத்துபவர்தான். வளரும் நாடுகளில் தனியார் மின்திட்டம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சர்வதேச நிதி உலகம் இதைக் கொண்டாடியது.

1994இல் பேநசீர் புட்டோ அரசு தனியார் மின்னுற்பத்திக்கென்று ஒரு கொள்கையையே அறிவித்தது. யூனிட்டுக்கு முதல் பத்தாண்டுகள் 6.5 அமெரிக்க சென்ட் தரப்படும், யார் வேண்டுமானாலும் வரலாம், எந்த எரிபொருளையும் கொண்டுவரலாம் என்ற அழைப்பு அது. ஹப் ஒப்பந்தம் அக்கொள்கைக்கு முந்தியதுதான் என்றாலும் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. கட்டுவதற்கு விரைவானது, முதலீடும் ஒப்பீட்டளவில் குறைவு என்பதால் வந்தவர்களில் பலர் எண்ணெயையே தேர்ந்தெடுத்தார்கள். எண்ணெய் விலை ஏறினால் தங்களுக்கு ஒன்றும் நேராது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏன் நேராது என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. இத்தகைய ஒப்பந்தத்தில் மின்சாரத்தின் விலை இரண்டு பகுதிகளாக இருக்கும். ஒன்று, நிலையம் ஓடத் தயாராக இருப்பதற்கான நிலைக் கட்டணம். கடன் தவணை, வட்டி, முதலாளியின் லாபம், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் இதற்குள் அடங்கும். மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைக் கொடுத்தாக வேண்டும். மற்றொன்று, ஓடும்போது எரியும் எண்ணெயின் விலை. அதை வாங்குபவர் அப்படியே ஏற்க வேண்டும். ஒருவர் மாத வாடகைக்கு ஓர் அடுப்பை எடுக்கிறார், விறகும் அவருடைய செலவு, சமைக்காத நாளுக்கும் வாடகை உண்டு, வாடகையோ அடுப்புக்காரரின் ஊர்ப் பணத்தில் கணக்கிடப்படும். ஹப் ஒப்பந்தத்தைச் சட்ட மொழியிலிருந்து வீட்டு மொழிக்குக் கொண்டுவந்தால் இதுதான்.

‘அடுப்புக்காரரின் ஊர்ப் பணம்’ என்பது டாலர். நிலைக் கட்டணத்தின் பெரும்பகுதி டாலரோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1995 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 31 பாகிஸ்தான் ரூபாய். 2024இல் ஏறத்தாழ 278. கராச்சியின் தையல் தொழிலாளிக்கும் சிந்து மாகாணத்தின் குத்தகை விவசாயிக்கும் வருமானம் ரூபாயில் வருகிறது, அவர்கள் வீட்டு விளக்குக்கான ஒப்பந்தம் டாலரில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சர்வதேச நிதியத்தின் நிபந்தனைப்படி ரூபாயின் மதிப்பு குறைக்கப்படும்போது, ஒரு யூனிட்கூட அதிகம் உற்பத்தியாகாமலே மின்சாரத்தின் விலை ஏறியது.

எண்ணெயும் டாலரில்தான் வருகிறது. ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயிலை எரித்தால் இத்தகைய நிலையத்தில் கிடைப்பது ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரம். ஹப் நிலையம் முழுத் திறனில் ஒருநாள் ஓடினால் சுமார் 3 கோடி யூனிட் கிடைக்கும், அதற்கு 7,000 டன் எண்ணெய் வேண்டும். சொந்தமாகப் போதிய எண்ணெய் வளம் இல்லாத, ஏற்றுமதியில் பருத்தித் துணியையும் அரிசியையும் நம்பியிருக்கும் ஒரு நாடு, தன் அந்நியச் செலாவணியை இப்படிப் புகைபோக்கி வழியே அனுப்ப ஒப்புக்கொண்டது. ஒப்பந்தம் பேசப்பட்ட ஆண்டுகளில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 20 டாலருக்கும் குறைவாக இருந்தது. முப்பதாண்டும் அப்படியே இருக்கும் என்று கையெழுத்திட்டவர்கள் நம்பினார்களா என்பதல்ல கேள்வி. அவர்கள் நம்ப வேண்டிய அவசியமே இல்லாதபடி ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது.

லஞ்சம் அல்ல, ஷரத்து

1997இல் ஆட்சிக்கு வந்த நவாஸ் ஷெரீப், தனியார் மின்ஒப்பந்தங்களைத் தன் அரசியல் எதிரியான பேநசீருக்கு எதிரான ஆயுதமாக எடுத்தார். ஹப் ஒப்பந்தத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்கள் லஞ்சத்தின் மூலம் பெறப்பட்டவை என்று 1998இல் வாப்டா குற்றம்சாட்டியது. நிறுவனம் மறுத்தது. தகராறு வெளிநாட்டு நடுவர் மன்றத்துக்கா, பாகிஸ்தான் நீதிமன்றத்துக்கா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஊழல் குற்றச்சாட்டு நடுவர் மன்றம் தீர்க்கக்கூடிய விஷயமல்ல என்று 2000 ஜூன் மாதம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. மூன்றாம் உலக நாடு ஒன்றின் நீதிமன்றம் பன்னாட்டு மூலதனத்தின் தனி நீதிமன்றத்தைத் தடுத்து நிறுத்தியது என்ற வகையில் அது குறிப்பிடத்தக்க தீர்ப்பு. முதலீட்டாளர் உலகம் அலறியது.

அதன்பின் நடந்தது என்ன? சில மாதங்களிலேயே, 2000 டிசம்பரில், முஷாரப்பின் ராணுவ ஆட்சி நிறுவனத்தோடு சமரசம் செய்துகொண்டது. கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டது, ஊழல் வழக்கு கைவிடப்பட்டது, ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு அப்படியே நின்றது. நிலைக் கட்டணமும் டாலர்ப் பிணைப்பும் எண்ணெய் விலையை வாங்குபவர் தலையில் கட்டும் ஷரத்தும் தொட்டுப் பார்க்கப்படவில்லை.

இடதுசாரி வட்டாரத்திலும்கூட இத்தகைய ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போது ‘எவ்வளவு கமிஷன் கைமாறியது’ என்பதிலேயே பேச்சு நின்றுவிடுவதுண்டு. கமிஷன் கைமாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். ஒரு ரூபாய்கூட லஞ்சம் இல்லாமல், அப்பழுக்கற்ற அதிகாரிகள் கையெழுத்திட்டிருந்தாலும் ஹப் ஒப்பந்தம் இதே சேதத்தைத்தான் விளைவித்திருக்கும். கொள்ளை மேசைக்கு அடியில் நடக்கவில்லை. மேசைமீது, உலக வங்கியின் முத்திரையோடு, சட்டப்படி நடந்தது. ஊழலை மட்டும் பேசினால் ஆளை மாற்றினால் போதும் என்றாகிவிடும். பேநசீர் போய் நவாஸ் வந்தார், நவாஸ் போய் முஷாரப் வந்தார். மாதாந்தர நிலைக் கட்டணம் மாறவில்லை.

இந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது, அதிகம் பேசப்படாதது. மின்திருட்டையும் நிலுவையையும் ஒழிப்பதாகச் சொல்லி நவாஸ் அரசு வாப்டாவை ராணுவத்திடம் ஒப்படைத்தது. ஆயிரக்கணக்கான படைவீரர்கள் மீட்டர் சோதனைக்கு வீடு வீடாக அனுப்பப்பட்டார்கள். 1998 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் வாப்டாவில் தொழிற்சங்க நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டன. தனியார்மயத்தையும் வாப்டாவைக் கூறுபோடுவதையும் எதிர்த்துவந்த பெரிய சங்கம் அங்கே இருந்தது. ஒப்பந்தத்தால் வந்த நட்டத்துக்குக் கம்பம் ஏறும் தொழிலாளியே காரணம் என்பதுபோல ஒரு காட்சி அமைக்கப்பட்டது. அரசுத்துறையில் திருட்டும் திறமைக் குறைவும் இல்லாமல் இல்லை. ஆனால் முதலாளிக்குத் தர வேண்டிய டாலருக்காகத் தொழிலாளியின் சங்கத்தை முடக்கியது அந்தத் திருட்டை ஒழிப்பதற்கான வழி அல்ல.

இருளில் நின்ற மின்நிலையங்கள்

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. எண்ணெயை நம்பியிருந்த பாகிஸ்தானின் மின்துறை அந்த அடியிலிருந்து பல ஆண்டுகள் எழவே இல்லை. கிராமங்களில் நாளுக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு. ஃபைசலாபாத்தின் விசைத்தறிகள் நின்றன. தறி நின்றால் கூலி நிற்கும் என்பதை ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விசித்திரம் என்னவென்றால் அந்த ஆண்டுகளில் மின்நிலையங்கள் இல்லாமல் மின்வெட்டு வரவில்லை. நிலையங்கள் நின்றிருந்தன, எண்ணெய் வாங்கப் பணம் இல்லை. விநியோக நிறுவனங்கள் மக்களிடம் முழுத் தொகையையும் வசூலிக்க முடியவில்லை, காரணம் அந்த விலையை மக்களால் கொடுக்க முடியவில்லை, அரசு அறிவித்த மானியமும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. ஆகவே கொள்முதல் செய்யும் அரசு நிறுவனம் மின்நிலையத்துக்குப் பாக்கி வைத்தது. மின்நிலையம் அரசு எண்ணெய் நிறுவனத்துக்குப் பாக்கி வைத்தது. எண்ணெய் நிறுவனம் கப்பலை வரவழைக்க முடியாமல் நின்றது. எண்ணெய் வராததால் நிலையம் நின்றது, நின்றதால் விற்பதற்கு மின்சாரம் இல்லை, விற்காததால் வசூல் இன்னும் குறைந்தது. இதற்குப் பாகிஸ்தானில் ‘சுழல் கடன்’ என்று பெயர். 2013இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த நவாஸ் ஷெரீப் அரசு 48,000 கோடி ரூபாயை ஒரே வீச்சில் கொடுத்து அக்கடனை அடைத்தது. சில ஆண்டுகளில் அது மீண்டும் குவிந்தது. 2024இல் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நின்றது.

அரசே எண்ணெய் நிலையத்தைக் கட்டியிருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜாம்ஷோரோவில் அரசுக்குச் சொந்தமான எண்ணெய் மின்நிலையம் இருந்தது. பராமரிப்பிலும் எரிபொருள் சிக்கனத்திலும் அது ஹப் நிலையத்துக்கு ஈடாகாது. ஹப் நிலையத்தின் பொறியாளர்களும் தொழிலாளர்களும் தங்கள் வேலையைச் செவ்வனே செய்தார்கள், இயந்திரங்களில் பெரிய கோளாறு இல்லை. எண்ணெய் விலை உயர்ந்தபோது அரசு நிலையமும் அடிபட்டிருக்கும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. எண்ணெய் கட்டுப்படியாகாது என்று தெரிந்த நாளில் அரசு தன் சொந்த நிலையத்தை மூடிவிடலாம், வேறு எரிபொருளுக்கு மாற்றலாம், லாபமின்றி நடத்தலாம். முப்பதாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அரசுக்கு அந்த உரிமை இல்லை. அது விற்றுவிட்டது மின்னுற்பத்தியை மட்டுமல்ல, மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும்தான்.

2020இல் பாகிஸ்தான் அரசு அமைத்த விசாரணைக் குழு ஒன்று தனியார் நிலையங்களின் கணக்குகளை ஆராய்ந்தது. ஒப்பந்தத்தில் எழுதிய அளவைவிடக் குறைந்த எரிபொருளில் மின்சாரம் தயாரித்துவிட்டு, எழுதிய அளவுக்கே பணம் பெற்றதில் சில நிறுவனங்களுக்குப் பெருத்த கூடுதல் லாபம் கிடைத்தது என்பது அக்குழுவின் முக்கியக் கண்டுபிடிப்புகளில் ஒன்று. அபாயம் முழுவதும் மக்களுக்கு, சிக்கனத்தின் பலன் முழுவதும் முதலாளிக்கு.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

பாகிஸ்தானின் அவதியைப் பார்த்து இந்தியாவில் எவரேனும் எக்களிப்பதற்கு முன் தபோலை நினைவுகொள்ள வேண்டும். ஹப் ஒப்பந்தம் பேசப்பட்ட அதே ஆண்டுகளில், அதே உபதேசத்தின் பேரில், என்ரான் நிறுவனம் மகாராஷ்டிரத்துக்கு வந்தது. 1993இல் ஒப்பந்தம், மாநில அரசின் உத்தரவாதம், அதற்கு மேல் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம், டாலர்ப் பிணைப்பு, வாங்காத மின்சாரத்துக்கும் பணம். முதல் கட்டத்தின் எரிபொருள் நாப்தா, அதுவும் எண்ணெய்யின் பிள்ளைதான். அங்கும் எதிர்க்கட்சியாக இருந்தபோது ஊழல் என்று முழங்கிய பாஜக–சிவசேனா கூட்டணி, 1995இல் ஆட்சிக்கு வந்து திட்டத்தை ரத்து செய்துவிட்டு, பிறகு மறுபேரம் பேசி முன்னிலும் பெரிய திட்டமாக அதை ஏற்றுக்கொண்டது. 1996இல் பதின்மூன்று நாள் மட்டும் நீடித்த வாஜ்பாய் அரசு செய்த காரியங்களில் ஒன்று எதிர் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் தந்தது. நவாஸ் ஷெரீப்பின் கதைக்கும் இதற்கும் ஊர்ப் பெயர்தான் வேறு. 1999இல் ஓடத் தொடங்கிய தபோல் 2001இல் நின்றது. அந்த விலைக்கு வாங்க மகாராஷ்டிர மின்வாரியத்தால் முடியவில்லை. இடதுசாரிகளும் மின்துறைத் தொழிற்சங்கங்களும் தொடக்கத்திலேயே எச்சரித்தது அதைத்தான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை பேசின் பிரிட்ஜ், சாமல்பட்டி, மதுரைக்கு அருகே சமயநல்லூர் ஆகிய இடங்களில் எண்ணெயில் ஓடும் தனியார் நிலையங்கள் அதே காலகட்டத்தின் பிள்ளைகள். அவற்றின் விலையுயர்ந்த மின்சாரத்தை வாங்கி வாரியம் பட்ட நட்டத்தைத் தமிழ்நாட்டு மின்ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அளவில் சிறியவை என்பதால் அவை தமிழ்நாட்டை ஹப் பாகிஸ்தானைச் செய்ததுபோல் செய்யவில்லை, அவ்வளவே.

அன்று இந்த ஒப்பந்தங்களுக்கு இரையான நாட்டின் முதலாளிகளே இன்று அதே அச்சில் ஒப்பந்தம் விற்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஜார்க்கண்ட் மாநிலம் கோட்டாவில் அதானி குழுமம் கட்டிய நிலக்கரி மின்நிலையம் முழுவதும் வங்கதேசத்துக்கு விற்பதற்காகவே எழுப்பப்பட்டது. 2017இல் கையெழுத்தான அந்த 25 ஆண்டு ஒப்பந்தத்திலும் நிலைக் கட்டணம் உண்டு, நிலக்கரி விலை வாங்குபவர் பொறுப்பு. டாக்காவில் அதற்கு எதிராக எழும் குரலை ‘இந்திய எதிர்ப்பு’ என்று முத்திரை குத்துவது எளிது. அது ஹப் மின்நிலையத்துக்கு எதிராகக் கராச்சியில் எழுந்த குரல்தான்.

கட்டண ரசீதின் அரசியல்

2023 ஆகஸ்டில் கராச்சி முதல் பெஷாவர் வரை மக்கள் தெருவில் இறங்கி மின்கட்டண ரசீதுகளை எரித்தார்கள். சம்பளத்தைவிட மின்கட்டணம் அதிகமாக வந்த குடும்பங்கள் அவற்றில் இருந்தன. அரசு மின்சாரம் வாங்கச் செலவிடும் தொகையில் பாதிக்கும் மேற்பட்டது நிலைக் கட்டணமாகிவிட்டிருந்த நேரம் அது. நாட்டின் நிறுவப்பட்ட திறன் 40,000 மெகாவாட்டுக்கு மேல், கோடையின் உச்சத் தேவையோ ஏறத்தாழ 30,000. குளிர்காலத்தில் அதில் பாதிகூட வேண்டியதில்லை. தேவைப்படாத ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் ரசீதில் ஒரு வரி இருந்தது.

2024 மே மாதம் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீர்ப் பகுதியில் மின்கட்டணத்துக்கும் கோதுமை மாவு விலைக்கும் எதிரான போராட்டத்தில் உயிர்ப்பலி நேர்ந்தது, பிறகு அரசு பணிந்து கட்டணத்தைக் குறைத்தது. மங்களா அணை அந்த மண்ணில்தான் இருக்கிறது. தங்கள் ஊர்களை மூழ்கடித்துக் கட்டிய அணையின் மலிவான மின்சாரத்துக்கு, கடற்கரை எண்ணெய் நிலையத்தின் நிலைக் கட்டணத்தையும் சேர்த்து ஏன் கொடுக்க வேண்டும் என்று அம்மக்கள் கேட்டார்கள். ஹப் நிலையம் நிற்கும் பலூசிஸ்தானின் நிலைமையோ இன்னும் மோசம். அம்மாகாணத்தின் மக்ரான் கடற்கரை ஊர்கள் நெடுங்காலம் ஈரானிலிருந்து வாங்கிய மின்சாரத்தை நம்பியிருந்தன. மாகாணத்தின் ஒரு முனையிலிருந்து 1,292 மெகாவாட் நாட்டின் மின்தொகுப்புக்குப் போனது, மறுமுனையின் மீனவர் குடியிருப்புக்கு அந்தத் தொகுப்பே எட்டவில்லை.

இவ்வளவு கொதிப்புக்கு நடுவே, இந்த ஒப்பந்தங்களுக்கு எதிரான முழக்கத்தை யார் தங்கள் கையில் எடுத்தார்கள் என்பது இடதுசாரி இயக்கத்தவர் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். 2024 ஜூலை இறுதியில் ராவல்பிண்டியில் மின்கட்டணத்துக்கும் தனியார் மின்ஒப்பந்தங்களுக்கும் எதிராக இரண்டு வாரம் தர்ணா நடத்தியது ஜமாத்–இ–இஸ்லாமி. இன்னொரு பக்கம், தங்கள் ஆலைக்கான மின்சாரம் விலையேறியதால் துணியாலை முதலாளிகளும் அவர்களது சங்கங்களும் அதே ஒப்பந்தங்களுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார்கள். கால் நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்த தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டிருந்தன, இடதுசாரிக் கட்சிகள் சிதறிக் கிடந்தன. மின்கட்டணம் போன்ற அன்றாடப் பிரச்சனையில் உழைக்கும் மக்களின் அமைப்பு விட்டுச்செல்லும் இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. மதவாத வலதுசாரி வந்து அமர்ந்துகொள்கிறது, முதலாளி தன் குறையைப் பொதுக் குறையாக்கிவிடுகிறான்.

அரசு செய்த தீர்வும் அந்த அணிகளின் அளவுக்கே நின்றது. ஐந்து ஒப்பந்தங்கள் முடித்துக்கொள்ளப்பட்டன. எல்லாமே பல ஆண்டுகள் லாபம் ஈட்டிவிட்ட, பெரும்பாலும் காலாவதியை நெருங்கிக்கொண்டிருந்த பழைய நிலையங்கள். 2013க்குப் பிறகு சீனக் கடனில் எழுந்த நிலக்கரி நிலையங்களின் ஒப்பந்தங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கடன் கொடுத்தவர் மாறினார், ஒப்பந்தத்தின் அச்சு மாறவில்லை என்பதை நட்பின் பேரில் மறைப்பதால் பாகிஸ்தான் தொழிலாளிக்கு எந்தப் பயனும் இல்லை. சர்வதேச நிதியமோ 2024 செப்டம்பரில் ஒப்புக்கொண்ட 700 கோடி டாலர் கடனுக்கு நிபந்தனையாக, மின்சாரத்தின் முழுச் செலவையும் நுகர்வோரிடமே வசூலிக்க வேண்டும் என்று வற்புறுத்திவருகிறது. அந்தச் செலவை உருவாக்கிய ஒப்பந்தத்தை முன்மாதிரி என்று கொண்டாடியது அதன் இரட்டைச் சகோதரியான உலக வங்கி என்பது நிபந்தனைப் பட்டியலில் எங்கும் இடம்பெறாது.

இதற்கிடையில் வசதி படைத்தவர்கள் தங்கள் வழியைத் தேடிக்கொண்டார்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் திறனுள்ள சூரியத் தகடுகளைப் பாகிஸ்தான் இறக்குமதி செய்தது. பங்களா வீட்டின் மொட்டைமாடியிலும் ஆலையின் கூரையிலும் அவை ஏறின, நடுத்தர விவசாயி தன் ஆழ்துளைக் கிணற்றுக்கு அவற்றைப் பூட்டினார். எண்ணெயிலிருந்து விடுதலை என்ற அளவில் இது வரவேற்கத்தக்கதுதான். ஆனால் நிலைக் கட்டணத்தின் மொத்தத் தொகை குறையவில்லை, அதைப் பகிர்ந்துகொள்வோரின் எண்ணிக்கைதான் குறைகிறது. கூரை சொந்தமில்லாத வாடகைக் குடித்தனக்காரரும், தகடு வாங்கக் கையில் பணமில்லாத கூலித் தொழிலாளியும் மின்தொகுப்பில் எஞ்சியிருக்கிறார்கள். ஓடாத நிலையங்களுக்கான வாடகை இப்போது அவர்கள் ரசீதில் சேர்கிறது.

தபோலுக்குப் பிறகு எதையும் கற்காத இந்திய அரசு, மின்சாரச் சட்டத் திருத்த மசோதாவை 2022இல் மக்களவையில் கொண்டுவந்தது. விநியோகத்திலும் தனியார், அதே கம்பியில் பல நிறுவனங்கள் என்பது அதன் உள்ளடக்கம். லாபம் தரும் நகரத்து நுகர்வோர் தனியாரிடம் போனால், மாநில வாரியங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்ட நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களின் நிலைக் கட்டணத்தைக் கிராமமும் குடிசையும் சுமக்க வேண்டியிருக்கும். பாகிஸ்தானில் சூரியத் தகடு செய்வதை இங்கே சட்டத் திருத்தமே செய்துவிடும். மின்ஊழியர்களும் விவசாயிகளும் சேர்ந்து எதிர்த்ததால்தான் அது தள்ளிப்போனது.

ஹப் எண்ணெய் நிலையத்தின் அருகில் இன்னொரு புகைபோக்கி நிற்கிறது. அதே நிறுவனம் சீன நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கட்டிய 1,320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அது. எரிபொருள் கப்பலில் வரும் வெளிநாட்டு நிலக்கரி. 2019இல் வணிக உற்பத்தி தொடங்கியது. அதன் ஒப்பந்தமும் முப்பதாண்டுக்கானது.